எண்ணாமல் நிரப்பிய இரண்டு மணி நேரம்

விபத்து நடந்த இடத்தை அளந்து படம் போடும் வேலை எனக்கு அதுவரை வந்ததில்லை. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்து வேலைக்குச் சேர்ந்தவள் நான். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். பள்ளிக்கூடக் கட்டடம், கழிவுநீர்க் கால்வாய், பஸ் ஸ்டாப், ரோடு என்று எத்தனையோ படங்கள் போட்டிருக்கிறேன். எல்லாம் இனிமேல் வரப்போகிறவற்றின் படங்கள். நடந்து முடிந்த ஒன்றுக்காக டேப் பிடித்தது அந்த ஒரு முறைதான். ஓய்வு பெற எனக்கு அப்போது மூன்று வருஷம் இருந்தது.

காரைக்குடியைச் சுற்றி அரிசி மில்கள் உள்ள ஊர்களில் ஒன்று அது. ஊர்ப் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். ரோட்டை மில் ரோடு என்றே சொல்கிறேன். தப்பு என்னுடையது, அதற்கு மட்டும் பெயர் இருந்தால் போதும். என் பெயர் விசாலாட்சி.

1. மில் ரோட்டில் ஒரு காலை

கோட்டையூரிலிருந்து டவுன் பஸ் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் உதவிப் பொறியாளர் சேகர் சார் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நிதானமானவர். அன்று குரல் நிதானமாக இல்லை.

"அக்கா, நேத்து சாயந்தரம் மில் ரோட்டு வளைவுல சைக்கிள்ல வந்த ஒரு பொம்பள லாரியில அடிபட்டிருச்சு. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ரிப்போர்ட் கேக்குறாங்க. நம்ம பழைய டிராயிங் ஒரு காப்பி எடுத்துக்கிட்டு நேரா அங்குட்டு வந்துருங்க."

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"உயிரு இருக்கு. காலு போயிருச்சுன்னு சொல்லுறாங்க."

மில் ரோடு போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. படம் போட்டவள் நான். அதனால் இடத்தைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டே அந்த வளைவைப் பார்க்க முடிந்தது. அங்கே நடைபாதை கிடையாது, சைக்கிளுக்குத் தனி ஓரம் கிடையாது. தார் முடிகிற இடத்தில் மண் தொடங்கும். அந்த மண் பட்டையை நாங்கள் பெர்ம் என்போம்.

போய் அளந்தோம். புதுத் தார் பழையதன் மேல் ஏறியதால் ரோடு உயர்ந்திருந்தது. பெர்ம்மில் மண் நிரப்பவில்லை. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் பதினெட்டு சென்டிமீட்டர் இறக்கம். லாரிக்கு ஒதுங்கியவர் அந்த விளிம்பில் சக்கரம் நழுவி, ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறார். மண்ணில் சைக்கிள் இறங்கிய தடம் ஒரு முழ நீளத்துக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் தடம் இல்லை.

அன்று வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய மில் பெண்கள் நாலைந்து பேர் சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்தார். அடிபட்டவரின் நாத்தனார், பெயர் ராக்கு.

"என்னத்த அளக்குறீக?"

"விபத்து நடந்த எடத்தை அளக்குறோம்மா" என்றார் சார்.

"ரோடு போடையில அளந்தீகளா?"

"எல்லாம் கணக்கெடுத்துத்தாம்மா போட்டிருக்கு."

"என்ன கணக்கு? காலையில போறோம், சாயந்தரம் வாரோம். இத்தனை பொம்பளைக சைக்கிள்ல போறது ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல?"

சார் நோட்டில் எழுதினார். நான் டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

2. அந்தக் கணக்கு

நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஏற்றபடி தெருக்களை மாற்றும் திட்டம் ஒன்று எங்களுக்கு வந்தது. நடைபாதை, சைக்கிள் ஓரம், நிழல் மரங்கள். மில் ரோடு முழுவதற்கும் படம் போட்டிருந்தேன். நிதி முழு நீளத்துக்கும் போதாது என்று தெரிந்ததும், ஆள் நடமாட்டம் எங்கே அதிகமோ அங்கே மட்டும் பாதை, மீதியில் தார் மட்டும் என்று முடிவானது. நடமாட்டத்தை எண்ண ஆள் வேண்டும். கடைவீதிப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தார். மில் வளைவுக்கு நான்.

எண்ணுவது எளிய வேலை. டேலி ஷீட் என்று ஒரு தாள். அரை மணிக்கு ஒரு கட்டம். நடப்பவர், சைக்கிள், பைக், கார், லாரி என்று தனித்தனி வரிசை. ஒருவர் போனால் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைக் குறுக்கே போடுவோம். இரண்டு நாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை எண்ண வேண்டும்.

முதல் நாள் முழுக்க உட்கார்ந்தேன். மில் வளைவில் நடமாட்டம் குறைவாகவே இருந்தது. அன்று அந்தப் பகுதிக்கு மாதாந்திர மின்தடை என்பதும், அதனால் மில்கள் ஓடவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அரியக்குடியில் என் நாத்தனார் மகளுக்குப் பூ வைக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு விசேஷம். நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறிவிட்டேன். நேற்றைக்கு வெறிச்சோடிக் கிடந்த ரோட்டில் இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, முதல் நாள் கோடுகளை ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து அந்த நாலு கட்டங்களையும் நிரப்பினேன். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். சேகர் சார் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மில் வேலை விடுவது ஐந்து மணிக்கு. காலையில் அவர்கள் உள்ளே போவது ஆறரைக்குள். எட்டு மணிக்குத் தொடங்கும் தாளில் அவர்கள் காலையில் வரவே முடியாது. சாயந்தரம் வந்திருப்பார்கள். சாயந்தரம் நான் அங்கே இல்லை.

அந்தக் கணக்கை வைத்துத்தான் மில் வளைவுக்குப் பாதை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டமும் நடந்தது. ஒரு வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு, எங்கள் ஹாலில். கடைக்காரர்கள் வந்தார்கள். மில்லில் வேலை பார்க்கும் ஒருவர்கூட வரவில்லை. வேலை நேரத்தில் எப்படி வருவார்கள் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

3. மறுபடி உட்கார்ந்தது

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இரண்டு நாள் லீவு போட்டு, புதுத் தாளோடு அதே வளைவில் உட்கார்ந்தேன். காலை ஐந்தரைக்கே முதல் சைக்கிள் வந்தது. அப்புறம் ஜோடி ஜோடியாக, கும்பல் கும்பலாக வந்தார்கள். தலையில் துண்டு, ஹேண்டில்பாரில் சோற்றுப் பை. சைக்கிள் இல்லாதவர்கள் நடந்தார்கள். நெல் ஏற்றிய லாரி பின்னால் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் விளிம்புக்குப் போனார்கள். இறங்க முடியாது, இறங்கினால் விழுவார்கள். அந்த விளிம்பிலேயே ஓட்டினார்கள். ஒவ்வொருவரும் தப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே கோடு போட்டேன்.

மாலை ஐந்து முதல் ஐந்தரை வரையுள்ள கட்டத்தில் கோடுகள் நிறைந்து, இடம் போதாமல் தாளின் பின்பக்கம் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

ராக்கு என்னைப் பார்த்துவிட்டு சைக்கிளிலிருந்து இறங்கினார்.

"இப்ப எதுக்கு எண்ணுறீக? அவ காலு போனப்புறம்?"

"அப்ப சரியா எண்ணலம்மா."

அவர் சைக்கிளைத் திருப்பிப் பிடித்தார். பிறகு, "இன்னும் பின்னாடி ஆளு வருது. அவுகளையும் சேத்து எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

4. நோட் ஃபைல்

இரண்டு கணக்கையும் சேகர் சார் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னீகளா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. ரிவைஸ்டு எஸ்டிமேட் போடுவோம். ரோடு போட்டதுக்கப்புறம் போக்குவரத்து கூடிருச்சுன்னு எழுதுவோம். பாதை வந்துரும். அவங்களுக்கு வேண்டியது அதுதானே? ஒங்களுக்கு மூணு வருஷம்தான்க்கா இருக்கு."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஆனால் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகவேண்டிய விபத்து ரிப்போர்ட்டின் வரைவு அதே மேஜையில் கிடந்தது. 'சைக்கிளில் வந்தவர் கவனக்குறைவால் கட்டுப்பாட்டை இழந்து' என்று ஒரு வரி அதில் இருந்தது. போக்குவரத்து பிறகுதான் கூடியது என்று நாங்கள் எழுதினால் அந்த வரி நிற்கும். ரோட்டில் குறையில்லை, ஓட்டியவர்தான் சரியில்லை என்று ஆகும். அவருடைய நஷ்ட ஈட்டு வழக்கில் அந்தக் காகிதத்தைத்தான் காட்டுவார்கள்.

"சார், அந்த அம்மா கவனமாத்தான் வந்திருக்காங்க. நான்தான் கவனமா இல்ல."

"நீங்க எழுதினா எனக்கும் மெமோ வரும். செக் பண்ணுனதா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும் சார். அதான் ஒங்ககிட்ட மொதல்ல சொல்லுறேன்."

அன்று மாலை, மேலதிகாரிகளுக்குப் போகும் குறிப்புகளை எழுதுகிற நோட் ஃபைலில் எழுதினேன். இரண்டாம் நாள் மாலை நான்கு முதல் ஆறு வரை நேரில் எண்ணப்படவில்லை, பதிவு செய்த எண்கள் என்னால் ஊகித்து எழுதப்பட்டவை, முதல் நாள் மின்தடையால் மில்கள் இயங்கவில்லை என்பது கவனிக்கப்படவில்லை. மூன்று வரி. அந்த மூன்று வரியை எழுத ஒரு மணி நேரம் ஆனது.

சார் ஃபைலை இரண்டு நாள் தன்னிடமே வைத்திருந்தார். அந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ரிப்போர்ட்டில் இருந்த 'கவனக்குறைவால்' என்ற வரியைத் தன் பேனாவால் அடித்துவிட்டு, என் குறிப்பையும் சேர்த்து மேலே அனுப்பினார்.

எனக்கு 17பி என்கிற குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை நடந்தது, ஒரு இன்க்ரிமென்ட் நின்றது. சாருக்கு மெமோ. பின்னால் பாதை வேலை முடிந்ததும் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் மேஜைக்கும் வந்தார். "வாரேன் மேடம்" என்றார். முன்பெல்லாம் 'வாரேன்க்கா' என்பார்.

5. பஞ்சவர்ணம்

அடிபட்டவரின் பெயர் பஞ்சவர்ணம். நாற்பது வயது இருக்கும். மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டுத் தள்ளுகிற வேலை. கணவர் இல்லை. ஆஸ்பத்திரியில் இடது காலைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பிய வாரத்தில் போனேன். ராக்கு கதவைத் திறந்தார், உள்ளே விட்டார், ஆனால் 'வாங்க' என்று சொல்லவில்லை.

பஞ்சவர்ணம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலின் மேல் துண்டு போர்த்தியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். எண்ணாமல் எழுதியதைச் சொன்னேன். வரும் வழியில் தயார் செய்துவைத்த வார்த்தைகளில் பாதி மறந்துபோயின.

பஞ்சவர்ணம் கேட்டார்.

"அன்னைக்கி எங்குட்டுப் போயிருந்தீக?"

"அரியக்குடிக்கு. சொந்தத்துல ஒரு பொண்ணுக்குப் பூ வச்சாக."

"நல்லபடியா நடந்துச்சா?"

குத்திக்காட்டுவதற்காக அவர் அப்படிக் கேட்கவில்லை. ஒரு வீட்டு விசேஷத்தைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். தலையை ஆட்டினேன்.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்றார். "நீங்க வந்து சொல்லாட்டி எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் வந்து சொன்னீகன்னும் வெளங்கல. அந்த எடத்துல பாதை போடப்போறீகளா?"

"முயற்சி பண்ணுறோம்."

"போடுறதுன்னா எங்களைக் கேட்டுட்டுப் போடுங்க."

6. சுண்ணாம்புக் கோடு

அதனால் இரண்டாவது கருத்துக் கேட்பை ஹாலில் வைக்கவில்லை. மில் லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த ரோட்டிலேயே வைத்தோம். படத்தைச் சுவரில் மாட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது. படம் போடுகிற எனக்கே அது தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சுண்ணாம்புத் தூளை எடுத்து, நடைபாதை எவ்வளவு, சைக்கிள் ஓரம் எவ்வளவு, மரக்குழி எங்கே என்று ரோட்டின் மேலேயே நிஜ அளவில் கோடு போட்டேன். பெண்கள் அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்த்தார்கள். ராக்கு சைக்கிளை ஓட்டியே பார்த்தார்.

"ஒரு சைக்கிளுக்குச் சரி. ரெண்டு பேரு எதிருங் குதிருமா வந்தா இடிக்கும். இன்னும் அரையடி தள்ளுங்க."

தள்ளினேன். கோடு காதர் பாய் கடையின் படிக்கட்டு மேல் ஏறியது. பாய் மளிகைக் கடை வைத்திருப்பவர். மகன்கள் இருவரும் சவுதியில். கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, கோடு என் படிக்கட்டு மேல போகுது? எங்க அத்தா கட்டுன படி இது."

"அந்தப் படியைச் சுத்தித்தான் பாய் நாங்க ரோட்டுக்கு ஏறுறோம்" என்றார் ராக்கு. "லாரி வாரது அந்த எடத்துலதான்."

"யாவாரம் படுத்துருமேம்மா. வயசானவுக படி இல்லாம எப்புடி ஏறுவாக?"

ஆட்டோவில் வந்து இறங்கிய பஞ்சவர்ணம், கட்டையை ஊன்றிக்கொண்டு இதைக் கேட்டபடி நின்றிருந்தார். பாய் அவரைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். படியைப் பற்றிய பேச்சை மட்டும் விடவில்லை. பஞ்சவர்ணம் உட்கார்ந்தார். அவர் படியைப் பற்றிப் பேசவில்லை. மரக்குழிக்காக நான் போட்டிருந்த வட்டங்களைக் காட்டினார்.

"மரத்தைக் கெழக்க வச்சிருக்கீக. காலையில நாங்க போகையில வெயிலே இருக்காது. சாயந்தரம் மேக்க இருந்துதான் அடிக்கும். நாள் பூரா களத்துல வெந்துட்டு வாரோம். மேக்க வைங்க."

"மேக்க கரண்டு கம்பி போகுதும்மா" என்றார் சேகர் சார்.

"அப்ப ஒசரமா போகாத மரமா வைங்க."

சார் கம்பியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "பூவரசும் மந்தாரையும் போடுங்க மேடம். கம்பிக்கு எட்டுறதுக்குள்ள வருஷா வருஷம் வெட்டி விட்டுக்கலாம்" என்றார். நான் வட்டங்களைக் காலால் அழித்துவிட்டு மேற்கே போட்டேன். அந்த வளைவில் நிழல் எந்தப் பக்கம் வேண்டும் என்று படம் போட்டபோது நான் யோசித்ததே இல்லை. கம்பி இல்லாத பக்கம் எது என்று மட்டும்தான் பார்த்தேன்.

பாய் கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். "வெளிப் படியை எடுத்துக்கங்க. உள்படியை நான் கடைக்குள்ள தள்ளிக் கட்டிக்கிறேன். கடைக்கு நேரா இருக்குற மரத்துக்கு நான் தண்ணி ஊத்துறேன், போர் இருக்கு. இன்ஷா அல்லா வளந்துரும்." படியை இடித்த அன்று கடையைத் திறக்கவில்லை. வெளியே வந்து பார்க்கவும் இல்லை.

7. முடிந்தவரை

பாதை வர ஒன்றரை வருஷம் ஆனது. பெர்ம்மில் மண் நிரப்பி இறக்கத்தைச் சரி செய்தோம். கடைவீதியிலிருந்து மில் வளைவு வரை பாதை போகிறது. நடுவில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதை அகலப்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. அந்தப் பாலத்தில் இன்றைக்கும் லாரியோடு சேர்ந்துதான் சைக்கிள் போகிறது. அதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை. வைத்த மரங்களில் பாதி பிழைத்தன. பாய் தண்ணீர் ஊற்றியவை பிழைத்தவற்றில் சேரும். பஞ்சவர்ணத்தின் வழக்கு நான் ஓய்வு பெறும்வரை முடியவில்லை. மில்லில் அவருக்கு உட்கார்ந்தபடி சாக்கு வாய் தைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். சைக்கிளை விற்றுவிட்டார்.

வேலையிலிருந்து விடைபெறுவதற்கு முந்தின வாரம் ஒரு மாலை அங்கே போனேன். ஐந்து மணி தாண்டியதும் பெண்கள் பாதையில் வந்தார்கள். சைக்கிள்கள் முன்னால் போக, கடைசியில் பஞ்சவர்ணம் கட்டையை ஊன்றி நடந்து வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். நிற்கவில்லை. எனக்கு நேரே வந்தபோது, "தரை சமமா இருக்கு. கட்டை தடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை. பேச வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. நீங்கள் இல்லாத நேரத்தின் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக இருந்தால் மேலே இருப்பவர் ஏன் என்று கேட்பார். நிரப்பிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், போட்டு எட்டு மாதம் கழித்து அந்த ரோடே கேட்கும். கட்டத்துக்குப் பக்கத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திட்டு விழும். இன்னொரு நாள் போய் உட்காரச் சொல்வார்கள். போய் உட்காருங்கள். அந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று முதலில் அவர்களைக் கேட்டுவிட்டுப் போய் உட்காருங்கள்.